கூச்சல் போட்டு நிறுத்திய படம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஆவடியில் பட்டாளத்துச் சாமான்கள் வைக்கும் கிடங்கு ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. வயது இருபத்திரண்டு. வேலப்பன்சாவடியில் எங்கள் வீடு. தினமும் சைக்கிளில் போய் வருவேன்.

கிடங்கில் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால் சினிமா நேரம். காலி மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஆறேழு பேர் உட்காருவோம். எந்தப் படம் உசத்தி, எந்தப் படம் குப்பை, எந்த நடிகர் பாடத் தெரியாமல் பாடுகிறார் என்று சாப்பாடு காய்ந்துபோகும் வரை சண்டை போடுவோம். அதில் என் வாய்க்குத் தனி மரியாதை. படத்தை நான் பாராட்டினால் யாரும் அவ்வளவாகக் கவனிக்க மாட்டார்கள். திட்ட ஆரம்பித்தால் மற்றப் பெட்டிகளில் இருப்பவர்களும் எழுந்து வந்து நிற்பார்கள். நடிகர் மாதிரி நடந்து காட்டுவேன், நடிகை மாதிரி அழுது காட்டுவேன். 'நீ சொல்றதக் கேட்டாப் போதும்பா, படத்தையே பாக்க வாணாம்' என்பார்கள். அந்த வார்த்தைக்காகவே மோசமான படங்களைத் தேடிப் போய்ப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதே கிடங்கில் மூட்டை இறக்கும் ஆள் ஒருவர் இருந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரான நூம்பல்காரர். அவருடைய தாயார் ஒரு காலத்தில் எங்கள் வயலில் நாற்று நட வந்தவர். என்னைவிட அவர் ஐந்தாறு வயது மூத்தவர். ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி நான் அவரை 'நீ' என்பேன், அவர் என்னை 'நைனா' என்பார். எங்கள் வட்டத்தில் அவர் வந்து உட்கார மாட்டார். நாங்களும் கூப்பிட்டதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கஞ்சி குடிப்பார்.

ஒரு நாள் பூந்தமல்லி டூரிங் டாக்கீஸில் அடுத்து என்ன படம் என்று பேச்சு வந்தது. யுத்தத்துக்கு முன்னால் எடுத்த ஒரு பழைய புராணப் படம். பட்டணத்தில் வந்தபோதே ஓடாமல் போனது. "அய்யோ, அந்தக் குப்பையா!" என்று நான் ஆரம்பித்தேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாக எங்கள் பேச்சுக்குள் வந்தார்.

"அந்தப் படம் நல்லாதான் கீது நைனா. எத்தினி நாளு ஓட்டுவாங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "ஒரு வாரம் ஓட்டுவான். உனக்கு எந்தப் படந்தான் நல்லா இல்ல? வெள்ளத் துணியக் கட்டிவிட்டாலே குந்திகினு பாப்பியே" என்றேன். பெரிய சிரிப்பு. அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. "ஞாயித்துக்கிழம வரிக்கும் இருந்தாப் போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை படம் மாற்றினார்கள். அன்றைக்கே நாங்கள் ஆறு பேரும் பூந்தமல்லிக்குப் போய்விட்டோம். பார்க்க என்றா போனோம்? கலாட்டா செய்யத்தான் போனோம். கொட்டகைக்குள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தேன். படம் நான் நினைத்ததைவிட இழுவை. நடுவில் தேர்த்திருவிழா என்று ஒரு காட்சி வந்தது. முடிகிற வழியாய் இல்லை. ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு, தேர் மட்டும் நகரவே இல்லை.

"தேரு நெலைக்கு வர்றதுக்குள்ள நாங்க ஊட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வந்துர்றோம்பா!" என்று கத்தினேன். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு கேட்டது. அந்த உற்சாகத்தில் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் ஏதாவது அகப்படாதா என்று. அகப்பட்டது. தேர் வடம் பிடித்து இழுத்த கூட்டத்தில் தலையில் துண்டு கட்டிய ஒருவன் வடத்தை இழுப்பதை விட்டுவிட்டு நேராக எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

"தோ பார்றா, ஒருத்தன் நம்மளப் பாத்துப் பல்லக் காட்றான்! இன்னாடா வோணும் உனக்கு?"

அவ்வளவுதான். விசில், மணல் வீச்சு, கைதட்டல். அடுத்த நாளும் போனோம். இந்தத் தடவை எங்களுக்கு முன்பே ஜனங்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அவன் முகம் வந்ததும் நூறு பேர் சேர்ந்து, "இன்னாடா வோணும் உனக்கு?" என்று கத்தினார்கள். யாரோ எறிந்த செருப்பு திரையில் பட்டது. டாக்கீஸ் முதலாளி உள்ளே வந்து கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். சத்தம் ஓயவில்லை. படத்தைப் பாதியில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள். 'ஒரு படத்தையே ஊர விட்டு ஓட்டிட்டோம்பா' என்று முதுகில் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என்ன படம் மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தனியாகப் போனேன். வாசலில் புதுப் படத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒரு அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வீங்கி, துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் எங்கள் கிடங்கு ஆள் நின்று, டிக்கெட் கொடுப்பவரிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகெல்லாம் வியர்வை. நூம்பலிலிருந்து பாதி வழி அந்த அம்மாளை முதுகில் சுமந்தே வந்திருக்கிறார்.

"இன்னாபா, ஆரம்பிச்சிட்டானா?" என்று அந்த அம்மாள் மகனைக் கேட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், "அந்தப் படத்துல அப்படி இன்னா கீது?" என்று கேட்டேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

"என் தம்பி கீறான் நைனா" என்றார்.

தம்பி பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் பட்டணத்தில் கூலி வேலை தேடி அலைந்தானாம். ஒரு நாள் ஸ்டூடியோவில் தேர் இழுக்க ஆள் வேண்டுமென்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். படம் பட்டணத்தில் வந்தபோது அண்ணனை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறான். "கேமராவப் பாக்காதடான்னாங்களாம். இவன் திரும்பிப் பாத்து சிரிச்சிட்டானாம். அதுக்குத் திட்டு வாங்கினேண்ணான்னு சொல்லிச் சொல்லி சிரிப்பான்." அம்மாவுக்கு அப்போதே கால் சரியில்லை. நம்ம பக்கம் படம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். அதற்குள் பர்மா பக்கம் போன தம்பி திரும்பவில்லை. தந்திதான் வந்தது.

"ஊட்ல ஒரு போட்டாகூட இல்ல நைனா. அம்மா அவன் மொகத்த மறந்துகினு வருதாம். கண்ண மூடிகினா வர மாட்டேங்குறான்னு அழுவுது."

தலையில் துண்டு கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தானே, அந்த முகம்தான். அப்புறம்தான் உறைத்தது. படம் எத்தனை நாள் ஓடும் என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் வெள்ளிக்கிழமையும் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும். கேட்டேன். "ஆமா நைனா. எந்த எடத்துல வரான்னு பாத்து வச்சிக்கினா அம்மாக்குக் காட்ட சுளுவா இருக்கும்னு வந்தேன்" என்றார். நான் அங்கேயே அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பெரிய மனிதன் மாதிரி, "கவலப்படாத. படம் எங்க போயிருந்தாலும் நான் கூட்டிகினு போறேன்" என்றேன்.

விசாரித்ததில், படப்பெட்டி ஸ்ரீபெரும்புதூர் டாக்கீஸுக்குப் போயிருப்பது தெரிந்தது. அடுத்த ஞாயிறு வரை அங்கே ஓடும் என்றார்கள். எனக்கு ஓய்வு நாள் அன்றுதான். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸை நம்ப முடியாது. அந்த அம்மாளால் ஏறவும் முடியாது. வீட்டில் வில்வண்டி கேட்டேன். யாருக்கு என்று தெரிந்ததும் அப்பா குதித்தார். அவர்கள் எங்கள் வண்டியில் ஏறுவதா என்று. அப்பாவை எதிர்த்துப் பேசியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. காலையில் நானே மாட்டைப் பூட்டி ஓட்டிக்கொண்டு நூம்பலுக்குப் போனேன்.

அந்த அம்மாள் துவைத்து மடித்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தயாராக உட்கார்ந்திருந்தார். வழி முழுக்கக் கேள்விதான்.

"படத்துல எம்புள்ள பேசுவானா?"

"பேச மாட்டாம்மா. சிரிப்பான்" என்றார் மகன்.

"பேசலன்னா இன்னா. சிரிச்சாப் போதும்."

பொழுது சாயும் நேரம் முதல் ஆட்டம் ஆரம்பித்தது. அம்மாளைப் பெண்கள் பக்கத்தில், திரை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். தேர்க்காட்சி வந்ததும் அவர் எழுந்து, "அம்மா, இப்பதான், நல்லாப் பாத்துக்க!" என்று குரல் கொடுத்தார். திரையில் மேளக்காரர்கள் வந்தார்கள். தேரின் உச்சி தெரிந்தது. சட்டென்று ஒரு குதி. அடுத்த நொடி ராஜா அரண்மனையில் உட்கார்ந்து மந்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். தேரும் இல்லை, வடமும் இல்லை, ஜனங்களும் இல்லை.

எங்களுக்குப் புரியவில்லை. இனிமேல் வருமோ என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் விட்டதும் மிஷின் அறைக்கு ஓடினோம். படப்பெட்டியோடு ஊர் ஊராக வரும் கம்பெனி ஆள் அங்கே இருந்தார்.

"அந்தத் தேர் சீனா? வெட்டிட்டோம்பா. பூந்தமல்லில கலாட்டா பண்ணி செருப்பெல்லாம் வீசிட்டானுங்க. இங்கயும் அப்டி ஆவக் கூடாதுன்னு மொதலாளி சொல்ட்டாரு" என்றவர், அரிக்கேன் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். "அட, அங்க மணல் மேட்டு மேல குந்திகினு கத்தினது நீதான?"

விளக்கு வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்க்கும் தைரியமும் இல்லை. அவர்தான் கேட்டார். "வெட்டினது எங்கங்க கீது? துண்டாக் குடுத்தாலும் போதும்."

"அத எவன் வச்சிகினு கீறான்? வெந்நீ அடுப்புல போட்டாச்சு. மத்தாப்பு கணக்கா எரிஞ்சிது."

அவர் தாயிடம் போனார். நானும் பின்னால் போனேன். இப்போது சொல்லப் போகிறார், இந்த நைனாவால்தான் உன் பிள்ளை நெருப்பில் போனான் என்று சொல்லப் போகிறார் என்று இரண்டடி தள்ளியே நின்றுகொண்டேன்.

அவர் குனிந்து, "ரீலு அறுந்துபூட்ச்சாம்மா. பழைய ரீலு. யாரு மேலயும் தப்பில்ல" என்றார்.

அன்று குளக்கரையில் வண்டியை அவிழ்த்துத் தங்கிவிட்டு, விடிந்ததும் புறப்பட்டோம். திருமழிசை நெருங்கும்போது அந்த அம்மாள் வண்டிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, நீயும் பூந்தமல்லில அந்தப் படத்தப் பாத்தியாமே. எம்புள்ளயப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எப்டி கீறான்?"

மாட்டையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "தலைல துண்டு கட்டிகினு கீறான். நல்ல பல்லு வரிச. நேரா நம்மளப் பாத்து சிரிக்கிறான்."

"ஒல்லியா கீறானா?"

"இல்லம்மா. நல்லா கீறான்."

"அது போதும்பா" என்று அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கேலி செய்வதற்காக உற்றுப் பார்த்து வைத்திருந்த முகம் அது. அதைத்தான் பெற்றவளிடம் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அந்த அம்மாள் வழி நெடுக என்னை வாழ்த்திக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் அந்தப் படத்தைத் தேடி நான் போகாத இடமில்லை. பட்டணத்தில் படக் கம்பெனியை விசாரித்தேன். அதை மூடி வெகுநாள் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். அது வேறு படம். ஸ்ரீபெரும்புதூரில் பார்த்ததைத் தவிர வேறு பிரதி இருக்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. யுத்தம் முடிந்த அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மாள் காலமாகிவிட்டார்.

அவர் மகன் கிடங்கில் என்னோடு இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். எப்போதும் போலத்தான் இருந்தார். நான்தான் மாறிப் போயிருந்தேன். சினிமாப் பேச்சு ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அவரை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. எத்தனையோ தடவை, 'என்னை மன்னிச்சிடுங்க' என்று சொல்ல அவர் எதிரில் போய் நின்றிருக்கிறேன். "இன்னா நைனா?" என்பார். "ஒண்ணுமில்ல" என்று திரும்பிவிடுவேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வடக்கே எங்கோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று கடைசி வரை தெரியவில்லை.

இப்போது என் பேரப்பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து 'சுத்த மோசம்' என்று சிரிக்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை, அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அன்று கொட்டகை இருட்டில் எனக்குப் பின்னால் எங்கோ வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த அண்ணனிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது.