கொப்பரையில் போகாத கோமுகிப் பயணம்

இரும்புக் கொப்பரையின் அடிக்கரியை ஆற்று மணல் போட்டுத் தேய்க்கும்போது எழும் 'கர்ர் கர்ர்' சத்தத்தில் பல்லெல்லாம் கூசும். கூடவே போன வருஷத்து வெல்லப்பாகின் வாசனையும் கிளம்பும். நானும் தம்பியும் ஆளுக்கொரு தேங்காய் நாரோடு இரண்டு நாள் தேய்த்தோம். வெல்லம் காய்ச்சுவதற்கு அல்ல, அம்மாவை அதில் உட்கார வைத்து ஆற்றில் அழைத்துப் போவதற்கு!

அம்மா கரும்புக் கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட வருஷம் அது. மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியும் அவளுக்குப் பயம் விடவில்லை. எழுந்து நிற்கச் சொன்னாலே வியர்த்துக் கொட்டும். இனி நடக்கவே மாட்டாளோ என்று நான் தம்பியிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: ஆற்றோரமாக இருக்கும் பெரியம்மா ஊருக்குப் போக வேண்டும். வண்டி குலுக்கினால் கால் தாங்காது.

ஐப்பசியில் கோமுகி அணையைத் திறந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீர் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா வேலை பார்த்த, கரும்பு ஆட்டும் 'ஆலைக் கொட்டாயில்' தை மாதம்தான் அடுப்பு மூட்டுவார்கள். அதுவரை வெல்லம் காய்ச்சும் பெரிய கொப்பரை சும்மா கவிழ்ந்து கிடக்கும், நாலு பேர் தாராளமாக உட்காரலாம். தம்பிதான் அந்த யோசனையைச் சொன்னான், அப்பா முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார்.

அடடா, திட்டம் போட்ட அந்த நாட்கள்! இரண்டு மூங்கில் கழி, ஒரு கயிறு, வெயிலுக்குக் குடை, தூக்கு நிறையப் பொரி, எந்தப் புளியமர நிழலில் நிறுத்திச் சாப்பிடுவது என்பது வரைக்கும் பேசி முடித்தோம். அம்மா கட்டிலில் இருந்தபடியே அதிகாரம் பண்ணினாள்: "என்ன மேற்கப் பாத்து உக்கார வைங்க, கல்வராயன் மலையப் பாத்துக்கினே போவணும். இத்தன வருசமா இந்த ஆத்தத் தாண்டுறன், ஒரு நாளு நிமுந்து பாத்ததில்ல. தலையிலதான் எப்பவும் சுமை இருக்குதே."

எல்லாம் தயாரானதும் அப்பா நாள்காட்டியைப் பார்த்தார்.

"இன்னிக்கி அஷ்டமி, நாளிக்கி நவமி. தசமில கெளம்பலாம்."

"தண்ணி இன்னா பஞ்சாங்கம் பாத்துக்கினா வருது?" என்றாள் அம்மா. அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

தசமி காலையில் கொப்பரையை உருட்டிக்கொண்டு போனால், ஆற்றில் கணுக்காலளவுத் தண்ணீர்! அணையை மூடியிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வந்தது வந்தாச்சு, என்ன இதுல ஏத்துங்க," என்றாள் அம்மா.

கயிறு கட்டி இழுத்தோம். கொப்பரை மணலில் நெரநெரவென்று உரசி, நாலு முழம் போய், கிழக்கே திரும்பிக்கொண்டது. "மலை எங்கடி?" என்று அம்மா அதட்டினாள். திருப்பினோம், மணல் திட்டில் மாட்டிக்கொண்டது. அப்பா மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், கயிறு அறுந்து தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

"வுடுங்க, பாக்கப் பாவமா இருக்குது. கையக் குடுடி."

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள். மணல் மெத்தென்று இருந்திருக்க வேண்டும், மற்ற காலையும் வைத்தாள். மலையைப் பார்த்தபடியே பத்தடி நடந்தாள். அப்பா ஈர வேட்டியோடு நின்று குழந்தை மாதிரி அழுதார்.

அப்பா இப்போது இல்லை. ஆலைக் கொட்டாய் இருந்த இடம் வீட்டு மனைகளாகிவிட்டது, கொப்பரை பழைய இரும்புக்குப் போய்விட்டது. அம்மா மட்டும் இந்த வயதிலும் கடைக்குத் தானே நடந்து போகிறாள். அந்தப் பயணம்தான் பாக்கி இருந்தது. அதற்காகவே தம்பி ஒகேனக்கல்லில் சொல்லிவைத்து ஒரு பரிசல் வாங்கி வந்திருக்கிறான்.

போன வாரம் அம்மா போனில் கத்தினாள்: "தண்ணி வுட்டுட்டாங்கடி, கெளம்பி வா."

பழக்கதோஷத்தில் நாள்காட்டியைப் பார்த்தேன். அஷ்டமி. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.