நெமிலிச்சேரி முதல் பூந்தமல்லி வரை: ஓட்டை விழுந்த ஒரு பக்கம்

இந்த வலைப்பூவில் இதுவரை ஏலகிரி, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை மலையும் இல்லை, அருவியும் இல்லை. போன மாதம் என்னைப் போலவே 'கூடுதல் பொறுப்பு' ஆணை கிடைத்த இரண்டு நூலகர்கள், ஒரே நாளில் மூன்று நூலகங்களை எப்படித் திறந்து மூடுகிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். உண்மையில் எனக்கே தெரியவில்லை. சரி, ஒரு வியாழக்கிழமையை நடந்தது நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வியாழன் சாதாரண வியாழனாக அமையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் அருப்புக்கோட்டை. இப்போது குடியிருப்பது பருத்திப்பட்டில், மூன்றாவது மாடி. காலை எட்டரை முதல் பதினொன்று வரை நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு சின்ன நூலகம், பன்னிரண்டு முதல் மூன்றரை வரை அம்பத்தூர், நாலரை முதல் ஏழரை வரை பூந்தமல்லி. பையில் மூன்று சாவிக்கொத்து, மூன்று முத்திரை, ஒரு டிபன் பாக்ஸ். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று வண்ண நூல் கட்டி வைத்தேன். இப்போது எந்த வண்ணம் எந்த ஊர் என்பது மறந்துவிட்டது.

நூலகர் என்றால் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பார் என்று ஊரெல்லாம் ஒரு நினைப்பு. நானும் அப்படி நினைத்துத்தான் வேலைக்கு வந்தேன். இப்போது மூன்று நூலகத்திலும் ஊருக்கொரு நாவலைப் பாதி பாதியாக வைத்திருக்கிறேன். நெமிலிச்சேரியில் ஒரு துப்பறியும் கதை, அம்பத்தூரில் கடலோடிகளைப் பற்றி ஒன்று, பூந்தமல்லியில் ஒரு குடும்பக் கதை. சில நாள் அந்தக் கொலைகாரன் இந்தக் கப்பலில் ஏறிவிடுகிறான். குடும்பக் கதையின் மருமகள் யாரைக் கொன்றாள் என்று ஒரு வாரம் தேடியிருக்கிறேன். அவள் யாரையும் கொல்லவில்லை.

காலை 7.20க்கு வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆவடி ரயில் நிலையம் வரை இருபது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் நெமிலிச்சேரி, டிக்கெட் ஐந்து ரூபாய், பத்து நிமிடத்துக்குள் போய்விடும். அன்று நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் தேவகி நின்றிருந்தார். பழைய நெமிலிச்சேரிக் குடும்பம், நாற்பத்தைந்து வயது இருக்கும். அம்பத்தூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தையல் வேலை. ஷிப்ட்டுக்குப் போகும் முன் பேப்பர் படிக்க வருவார்.

"மேடம், அன்னிக்கு எடுத்து வையின்னு ஒரு பேப்பர் குட்த்தேனே, அத்த குடு. வக்கீலு முழுப் பக்கமா கேக்குறாரு."

எனக்கு நினைவு வந்தது, பாதி. பன்னிரண்டு நாளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை. தேவகி ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டி, என் ஊட்டைப் பத்தி நோட்டீஸ் போட்டிருக்கிறான், பத்திரமா வை, ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னார். அந்த நேரம் பார்த்து மாதப் புள்ளிவிவரம் கேட்டு அலுவலகத்திலிருந்து போன். பக்கத்தை மடித்து வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். எங்கே வைத்தேன்?

விஷயம் இதுதான். தேவகி குடியிருப்பது அவருடைய அப்பா பெயரில் இருந்த மனை. அதை யாரோ வாங்கப் போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்றும் ஒரு வழக்கறிஞர் விளம்பரம் கொடுத்திருக்கிறார். கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வியாழன் மாலைக்குள் பக்கம் கையில் வந்தால் வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் பதில் போய்விடும் என்று பூந்தமல்லியில் இருக்கும் தேவகியின் வக்கீல் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நூலகங்களுக்கு வார விடுமுறை. ஆக, இன்றே கிடைத்தாக வேண்டும்.

மேசை இழுப்பறை, பீரோ, பேப்பர் கட்டு எல்லாம் கலைத்தாயிற்று. கட்டுக்குள் அந்தத் தேதிப் பேப்பர் இருந்தது, நடுவில் ஒரு தாள் மட்டும் இல்லை. அந்த நாளிதழ் மற்ற இரண்டு நூலகத்துக்கும் வருவதில்லை. இணையத்தில் அந்தத் தேதி திறக்கவில்லை. கைபேசியில் படம் எடுத்திருக்கலாமே என்பீர்கள். தேவகியிடம் இருப்பது பட்டன் போன், என் மூளை அன்று மாதப் புள்ளிவிவரத்தில் இருந்தது.

"பையில வச்சுக்கிட்டுப் போயிருப்பேன்க்கா. அம்பத்தூர்ல இருக்கும். இல்லாட்டி பூந்தமல்லி" என்றேன்.

"இருக்கும்னா சொல்றே, கீதுன்னு சொல்றியா?"

தேவகி கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னார். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாத வருகை ஊக்கத்தொகை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

11.14 ரயில். நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர் ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். (இந்த நேரத்தில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும், காலை எட்டு மணிக்கு மூச்சுவிடவே இடம் கிடைக்காது.) வழக்கமாக நான் புத்தகம் பிரிக்கும் நேரம் அது. அன்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். பழைய நினைவூட்டுக் கடிதம் நான்கு, யாரோ ஒருவருடைய உறுப்பினர் அட்டை, ஒரு எலுமிச்சம்பழம். தேவகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மேடம், உள்ள இன்னா எழுதியிருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் கீதா?" என்று அண்ணனூர் தாண்டியதும் கேட்டார்.

"நீங்க சொன்னதுதான்க்கா. வீட்டு விஷயம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அம்பத்தூர் நிலையத்திலிருந்து நூலகத்துக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம், வெயிலில் பதினெட்டு. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அவர்களுக்காக நான் ஒரு வேலை செய்வேன். நாளிதழ்களில் தேர்வுக்கு உதவும் செய்திகளை வெட்டி, மேலே தேதி எழுதி, அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பேன். நெமிலிச்சேரியில் மட்டும் வரும் பேப்பரிலிருந்து சில பக்கங்களை அங்கிருந்தே பையில் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். அன்று அந்தப் பக்கங்களைப் போட்டு வைக்கும் மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

பசை டப்பாவுக்கு அடியில் விரித்துக் கிடந்தது அந்தப் பக்கம். மேலே தேதி இருக்கிறது, பக்க எண் இருக்கிறது, நடுவில் கத்தரித்த ஒரு நீள்சதுர ஓட்டை.

தேவகி பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த ஓட்டையாண்டதான் மேடம் என் ஊடு இருந்துச்சு" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இப்போதுதான் எனக்கு விளங்கியது. பையில் இருந்த பக்கத்தை வெட்ட எடுத்து வந்த பக்கம் என்று நினைத்திருக்கிறேன். தேவகியின் நோட்டீஸுக்கு நேர் பின்புறம் ஏதோ புதிய திட்டம் பற்றிய செய்தி. அதைத்தான் வரி வரியாகப் படித்து, அடிக்கோடு போட்டு, அழகாக வெட்டியிருக்கிறேன். திருப்பிப் பார்க்கவில்லை. இருபது வருடமாகப் பேப்பர் வெட்டுகிறேன், ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அழ நேரமில்லை.

பலகையில் அந்தத் துண்டு இல்லை. திங்கட்கிழமைதோறும் பழைய துண்டுகளை எடுத்துவிடுவேன். எடுத்ததை வாங்கிக்கொள்கிறவர் சரவணன், முப்பத்தாறு வயது, கூரியர் வேலை, இரண்டு குழந்தைகள். வயது வரம்பு நெருங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மதியம் ஒரு மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் படிப்பார். நாங்கள் காத்திருந்தோம். தேவகி ஒன்றும் சாப்பிடவில்லை. என் டிபன் பாக்ஸை நான் திறந்து, மூடினேன்.

1.10க்குச் சரவணன் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்தார். என் துண்டுகள் எல்லாம் அதில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. தேவகியின் வீடு குப்புற ஒட்டிக் கிடந்தது.

"நல்லா கம்மு போட்டு ஒட்டிட்டேன் மேடம். இஸ்த்தா கீஞ்சுடும்."

"தண்ணில ஊற வச்சா வருமா?"

"வரும். ஆனா நோட்டுத் தாளுக்குப் பின்னாடிப் பக்கத்துல நான் எய்தி வச்சதெல்லாம் கலீஜாயிடுமே." சொல்லிவிட்டுத் தேவகியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த நோட்டுத் தாளை அவரே கிழித்துக் கொடுத்தார். "பரவால்ல, மறுபடியும் எய்திக்கிறேன்."

டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி, தாளை அதில் போட்டு, இருபது நிமிடம். துணிக் கம்பெனியில் பழகிய விரல்கள் தேவகிக்கு. ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தார், ஒரு எழுத்துகூடக் கிழியவில்லை. மின்விசிறிக்கு அடியில் காயவைத்து ஓட்டையில் பொருத்தினால் வரிகள் சரியாகச் சேர்ந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.

தேவகியின் அப்பா பெயர், சர்வே எண், நான்கு எல்லை, தெற்கே வண்டிப் பாதை. அதற்கு அடுத்த வரி: "காலஞ்சென்ற மேற்படியாரின் ஒரே வாரிசும் குமாரருமான தேசிங்கு என்பவரிடமிருந்து எமது கட்சிக்காரர் கிரையம் பெற உத்தேசித்துள்ளார்."

படித்து முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. சரவணன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அடுத்த மேசையில் இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என் தம்பிதான்" என்றார் தேவகி.

3.45க்கு அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ரயில், மறுபடி ஐந்து ரூபாய். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பத்து கிலோமீட்டர்தான், நாற்பது நிமிடம் பிடிக்கும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் போக்குவரத்து நின்றால் ஒரு மணி நேரமும் ஆகும், அன்று ஆனது. என் வீட்டு மொட்டை மாடி பேருந்திலிருந்தே தெரிந்தது. தேவகி வழி முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தை ஒரு பழைய நோட்டு அட்டைக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தார். தம்பி விஷயம் அவருக்கு முன்பே தெரியுமா, நான் படித்ததால் கோபமா, இல்லை வெறும் களைப்பா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

5.20க்குப் பூந்தமல்லி. ஐம்பது நிமிடத் தாமதம். வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் முதலில் தவறான சாவியைப் போட்டேன், பிறகு இன்னொரு தவறான சாவி. தேவகி வக்கீல் வீட்டுக்குத் தனியாக நடந்து போனார். நான் புத்தகம் வாங்கி, புத்தகம் கொடுத்து, ஒருவருடைய புத்தகத்தில் நெமிலிச்சேரி முத்திரையைக் குத்தி, அதை அடித்து வேறு குத்தினேன்.

ஏழு மணிக்குத் தேவகி திரும்பி வந்தார். என் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போட்டேன் கையெய்த்து. நாளைக்குத் தபாலு போயிடும்னாரு. அவன நான்தான் தூக்கி வளத்தேன்." நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "உனக்கு அன்னிக்கே தெரியும். படிச்சுட்டு, தம்பியான்னு ஒரு வார்த்த கேக்காம கம்முனு இருந்தே. தெருவுல யாராண்டயும் சொல்லல. அதுனாலதான் வேற எங்கயும் போவாம உன்னாண்டயே வச்சேன்."

பொய் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். எனக்கு மனம் வரவில்லை. "நான் படிக்கவே இல்லக்கா. அன்னைக்கு போன் வந்துருச்சு. மடிச்சு பையில போட்டுட்டேன். இன்னைக்குத்தான் படிச்சேன், எல்லார் முன்னாடியும்."

தேவகி என்னையே பார்த்தார். நல்ல வேளை, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப தெரியாமதான் சத்தமா படிச்சியா?" என்றார். "நான் பஸ்ஸு பூரா, இவ்ளோ நாளு கம்முனு இருந்துட்டு இன்னிக்கு இன்னாத்துக்கு இந்த மேடம் இப்டி அசிங்கப்படுத்துச்சுன்னு யோசிச்சுகினு வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, கதவ சாத்து. எனக்கு நெமிலிச்சேரி போணும்."

இதே சுற்றைப் போகப்போகிறவர்களுக்கு: மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பயணச் செலவு முப்பத்தைந்து ரூபாய், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் மதியத்துக்குப் பிறகு சாதாரணப் பேருந்து குறைவு, வந்ததில் ஏறிவிடுங்கள். சாவிக்கு வண்ண நூல் வேண்டாம், ஊர்ப் பெயரை எழுதிக் கட்டுங்கள். பேப்பர் வெட்டினால் முதலில் திருப்பிப் பாருங்கள். யாராவது ஒரு தாளைக் கொடுத்துப் பத்திரமாக வை என்றால், அவர்கள் கண்முன்னே படித்துவிடுங்கள், முடியாவிட்டால் படிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் அந்த அம்மாள் பன்னிரண்டு நாள் தைரியமாக இருந்திருக்கிறார். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு ஒன்றுமே தெரியாது.