மாதிரிக் கையெழுத்து

என் அப்பா சி. கருப்பண்ணன் அரசுக் கால்நடை மருத்துவர். போன ஆவணியில் மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பத்தேழு. நாமக்கல் வட்டாரத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மாடுகளுக்கும் கோழிகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். கடைசி மூன்று ஆண்டுகள், வெளிநாடு போகும் முட்டைகளுக்கு நலச்சான்றிதழ் கொடுத்தார். அதில் ஒரு சான்றிதழைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு வளைகுடா நாட்டோடு புதிதாக வணிக ஒப்பந்தம் வந்திருந்தது. கையெழுத்தானது தில்லியில். அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர் நாமக்கல்லில் இருந்தார். பண்ணையில் நோய் இல்லை என்று சொல்ல யாருக்கு அதிகாரம், அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அந்த நாடு முன்கூட்டியே கேட்டது. அதற்காகச் சென்னையில் ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்று கட்டங்கள். மூன்றிலும் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்பா போட்டார். அந்தத் தாள் கடல் தாண்டிப் போனது.

ஆனால் மாநில அரசு ஊழியர் தமிழில்தான் கையெழுத்துப் போட வேண்டும், முன்னெழுத்தும் தமிழில். வேலையில் சேர்ந்த நாள் முதல் அப்பா அப்படித்தான் போட்டுவந்தார். முதல் சான்றிதழ் மேசைக்கு வந்தபோது, கை தன் வழக்கப்படி ‘சி. கருப்பண்ணன்’ என்று தமிழில் போட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க யாருக்கும் காரணமும் இல்லை.

அந்த முட்டை குணசீலனுடையது. மோகனூர் சாலையில் பண்ணை வைத்திருப்பவர். அதுவரை அவர் முட்டை கேரளத்துக்கு மட்டும்தான் போயிருந்தது. இது முதல் கன்டெய்னர். கோழி இட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் துறைமுகத்தை விட்டு வெளியே வராவிட்டால் அத்தனையும் அழிக்கப்படும். இருபத்தோராம் நாள் மின்னஞ்சல் வந்தது: கையெழுத்து மாதிரியோடு பொருந்தவில்லை. மீதி ஒன்பது நாள். நாமக்கல்லில் அனுமதி பெற்ற ஒரே கையெழுத்து அப்பாவுடையது. அது செல்லாது என்றால் இந்த ஊர் முட்டை அங்கே போகாது.

காலையிலேயே குணசீலன் வீட்டுக்கு வந்துவிட்டார். சான்றிதழின் நகலை நீட்டினார்.

“ஏனுங்க டாக்டரே, இது நீங்க போட்டதுதானுங்களே?”

“நான் போட்டதுதானுங்க.”

“அப்புறம் என்னங்க? ஒரு போனப் போட்டு, நான் நான்தான்னு சொல்லிப்போடுங்க.”

“அவங்களுக்கு நான்ங்கறது அந்த மூணு கட்டந்தானுங்க.”

காப்பி கொண்டுவந்த அம்மா நின்றாள். “எம்பட அண்ணன் ஊட்டு மொய் நோட்டுல கூடத் தமிழ்லதான போட்டீங்க? அங்க மட்டும் எதுக்குங்க இங்கிலீசு?”

“போடச் சொன்னாங்க, சௌந்திரம்.”

“நான் சொன்னா மட்டும் ஒன்னும் கேக்கறதில்ல.”

குணசீலன் குரலைத் தணித்தார். “புதுசா ஒன்னு இங்கிலீசுல போட்டுக் குடுத்துருங்க. தேதி பழசே இருக்கட்டும்.”

அப்பா, சென்னையில் கொடுத்த படிவத்தின் நகலை என்னிடம் கொடுத்தார். “நீ அளவெடுக்கறவதான சாமி, பாரு.”

எனக்குத் தொழில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. மூன்று கையெழுத்துகளையும் கணினியில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். மாதிரிகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒன்றில் முன்னெழுத்து தனியாக நின்றது. ஒன்றில் பெயரோடு ஒட்டியது. மூன்றாவதில் ஓர் எழுத்து குறைவு. பிறகு தமிழ்க் கையெழுத்துகளைத் தேடினேன். என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் மட்டும் பதினேழு கிடைத்தன. பத்தாண்டுகளில் போட்டவை. விலகல் ஒரு மில்லிமீட்டருக்குள்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, மெட்ராசுல போட்டானே, அவன் யாரு?”

குணசீலனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா அவரிடம் திரும்பினார். “இதுல பொய் எதுவும் இல்லீங்க. தேதிய மாத்தி இன்னொன்னு போட்டாத்தான் அது பொய்.”

“ஒம்பது நாளுங்க டாக்டரே.”

“தெரியுமுங்க.”

இரண்டு நாள் அப்பா ஒப்பந்தத்தைப் படித்தார். பின்னிணைப்பில் ஒரு பத்தி இருந்தது. சந்தேகம் வந்தால் சான்று தந்தவரிடம் கேட்க வேண்டும். பதில் ஏழு நாளுக்குள் போனால் பரிசீலிக்க வேண்டும். பதில் அனுப்பத் தில்லியில் ஒரு மின்னஞ்சல் முகவரி. அங்கே தொலைபேசியில் பேசினார். அந்த முகவரி தொடங்கிய நாளிலிருந்து யாரும் பயன்படுத்தவில்லை, கடவுச்சொல்லைத் தேட வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு நாள்.

அப்பாவின் பதில் ஒரே பக்கம். தன் கையெழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வோர் எழுத்தின் கீழும் அதன் ஒலியை ஆங்கிலத்தில் எழுதினார். ‘சி’ என்பது என் தகப்பனார் சின்னண்ணன் பெயரின் முதல் எழுத்து, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று விளக்கினார். மாதிரியும் என்னுடையதே, சான்றிதழும் என்னுடையதே, தவறும் என்னுடையதே என்று முடித்தார். பண்ணைக்குப் போன நாளன்று பதிவேட்டில் போட்ட கையெழுத்தையும், ஆய்வக அறிக்கையையும் இணைத்தார்.

இருபத்தாறாம் நாள் ஒரு கேள்வி மட்டும் வந்தது. “இந்த எழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்?”

அப்பாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. இடமிருந்து வலம் என்று பதில் எழுதினார். தங்கள் மொழி வலமிருந்து இடம் ஆயிற்றே, தாங்கள் எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்றும் கேட்டார். அரசு மின்னஞ்சலில் இப்படியெல்லாம் கேட்கலாமா என்றேன். “கேட்டாத்தான தெரியும்” என்றார்.

இருபத்தெட்டாம் நாள் சரக்கு விடுவிக்கப்பட்டது. அந்த நாட்டு அதிகாரியின் கடிதத்தில், கடைசியில் ஒரு வரி: “நானும் என் எழுத்தில்தான்.”

அப்பா தமிழில் புதிய மாதிரிகள் அனுப்பினார். அடுத்த ஆண்டு சேலத்தில் மற்ற மருத்துவர்களுக்கு அவரே பயிற்சி நடத்தினார். படிவத்தைக் கடைசியில்தான் கொடுப்பாராம். முதலில் வெற்றுத்தாளைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே பத்துக் கையெழுத்துப் போடச் சொல்வாராம். பொருந்துகிற கையெழுத்து எதுவோ, அதையே மாதிரியாக அனுப்ப வேண்டும்.

இதைச் சொன்னவர் அப்பாவின் இடத்துக்கு வந்த மருத்துவர் தனப்பிரியா. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பேசினார். “தப்பா நெனைக்காதீங்க. கையெழுத்து லிஸ்ட்டுல இருந்து சார் பேர எடுக்கணும். இறந்த தேதி வேணுமுங்க.” சொன்னேன்.

அந்த நாட்டின் பதிலை எனக்கும் அனுப்பிவைத்தார். பெயர் நீக்கப்பட்டது, அந்தத் தேதிக்கு முன் இட்ட கையெழுத்துகள் செல்லும்.

அப்போது அப்பா கையெழுத்தோடு இரண்டு கன்டெய்னர்கள் கடலில் இருந்தன. இரண்டும் இறங்கின.