நிற்க வைத்த தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் என் மகன் வீட்டு வாசலில், ரோட்டோரமாக ஒரு நீளப் பள்ளம் இருக்கிறது. கோரை மாதிரிப் புல் நட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீரெல்லாம் அதற்குள் வந்து நிற்கும். இவ்வளவு சுத்தமான ஊரில் வாசலில் தண்ணீர் தேங்குவது யார் கண்ணிலும் படவில்லையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மயிலாப்பூரில் எங்கள் சந்தில் நான் வாய் திறந்து பேசியது குறைவு. மழை நாளில் மட்டும் முதல் ஆளாக இறங்குவேன். மழைநீர் வடிகாலின் வாய் அடைத்துக்கொண்டால், எந்த இடத்தில் குத்தினால் திறக்கும் என்று என் கைக்குத் தெரியும். தண்ணீர் வடிந்தால் கொசு இல்லை, வீட்டுக்குள் சாக்கடை ஏறாது. எனக்கென்று இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

அந்த நினைப்பில், மகன் வேலைக்குப் போயிருந்த ஒரு மழை நாளில், தோட்டத்து மண்வெட்டியை எடுத்துப் பள்ளத்தின் கரையை வெட்டி, பக்கத்தில் கம்பி மூடி போட்ட வடிகாலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். கறுப்பாக, மேலே எண்ணெய் மினுமினுக்க ஓடியது. எதிர்வீட்டுப் பெரியவர் குடையோடு வந்து, கையை மெதுவாக அசைத்து ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து, “தேங்க் யூ, தேங்க் யூ” என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஆழமாக வெட்டினேன்.

சாயங்காலம் மகன் சத்தம் போடவில்லை. “தண்ணி நிக்கணும்னுதாம்மா அந்தப் பள்ளமே,” என்றான். காரிலிருந்து சொட்டுகிற எண்ணெய், டயர் தூள், நாய் அசிங்கம் எல்லாவற்றையும் மழை அடித்துக்கொண்டு வருமாம். பள்ளத்து மண்ணும் வேரும் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கீழே குழாய்க்கு விடுமாம். அப்புறம்தான் ஓடைக்குப் போகுமாம். கம்பி மூடி வடிகால் நேரே ஓடைக்குப் போகிறதாம்; நான் அழுக்கை அப்படியே அதில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் புல்லை நட்டதே எதிர்வீட்டுப் பெரியவர்தானாம்.

மறுநாள் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, நான் வெட்டிய கரையை அடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே போகவில்லை. அதற்குப் பிறகு அவர் கை காட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

இந்த ஐப்பசியில் ஊருக்கு வந்து, பழைய சந்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஜெசிந்தா வீட்டில் தங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. வடிகால் வாய் அடைத்துக்கொண்டு, சந்து முனை மெக்கானிக் கடை எண்ணெயெல்லாம் மிதக்க, தண்ணீர் அவள் வாசற்படியைத் தாண்டப் பார்த்தது. உள்ளே அவள் புருஷன் எழுந்து நடக்க முடியாமல் பாயில் கிடக்கிறார். ஜெசிந்தா கடப்பாரையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

“இப்டியே தொறந்து வுட்டா இந்த எண்ணையெல்லாம் காவாய்க்குப் போவுமே ஜெசி,” என்றேன்.

“காவாய்க்குப் போவாம, பின்ன என் ஊட்டுக்குள்ளயா வரணும்? இன்னாக்கா, வெளிநாடு போயி கை மறந்துபூட்ச்சா?”

கை மறக்கவில்லை. குத்தினேன். உறிஞ்சுகிற சத்தத்தோடு தண்ணீர் இறங்கியது. எண்ணெய் கலர் கலராகச் சுழன்று உள்ளே போனது. ஜெசிந்தா வாசல் தண்ணீரைத் தள்ளிப் பெருக்கிக்கொண்டே, “ஸ்டெல்லாக்கா கைன்னா கைதான்,” என்று சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அங்கே வேண்டாம் என்று தடுத்தவருக்கு வாய் நிறைய நன்றி சொன்ன எனக்கு, இங்கே பாராட்டியவளிடம் ஒரு வார்த்தை வரவில்லை. பாய் நனையவில்லை என்பதில் நிம்மதிதான். ஆனாலும் மகன் வீட்டு வாசலில் குனிந்த மாதிரியே இந்த வாசலிலும் குனிந்துகொண்டு நின்றேன்.

பள்ளத்து மண்ணுக்குக் கீழே கல்லா, மணலா என்று மகன் சொன்னது மறந்துவிட்டது. எங்கள் சந்துத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.