பூட்டானுக்குப் போன எட்டுப் பேரும் நானும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு சிறிய ட்ரவல் ஏஜென்சியில் வேலை செய்தேன். நானும் முதலாளியம்மாவும் மட்டுந்தான். அவர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வுபெற்ற ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு எங்காவது தூரதேசத்துக்குத் தானே கூட்டிப்போவார். அந்த வருடம் பூட்டான். எல்லா ஆயத்தமும் முடிந்திருந்த நேரத்தில், கடைவாசலில் உறைந்திருந்த ஐஸில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, "நீ போ" என்றார். "நீ சிலோன்காரி. புத்தமதம் உனக்குத் தெரியும்தானே."

நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி என்றும், வெசாக் பண்டிகைக்குக் கொழும்பில் வெளிச்சக்கூடு கட்டுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னேன்.

"இந்த ஊரில் இருக்கிற மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது" என்றார்.

அன்று பின்னேரம் வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்றில் இதைச் சொன்னபோது, கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கை, பிக்குமாரின்ர நாட்டுக்கோ?"

"ஓம்."

"ஏன், கொழும்பில பாத்தது காணாதோ?"

"வேலையாத்தானே போறன்."

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். "சரி, போயிற்று வாரும். பிள்ளையளை நான் பாக்கிறன். அவையளோட வாய் குடுக்காமல் வாரும், அது காணும்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்குப் பிக்கு என்றால் கொழும்பு பஸ்ஸில் முன் இருக்கையை விட்டு எழும்பி இடம் கொடுக்க வேண்டிய ஆள். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் காவியைக் கண்டால் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு நடக்கப் பழகியிருந்தோம். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த ஒரு நாட்டுக்கு, சம்பளம் வாங்கிக்கொண்டு, எட்டு வெள்ளைக்காரரை மேய்த்துக்கொண்டு போகப்போகிறேன் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது.

எட்டுப் பேரில் ஏழு பேர் பூட்டானைப் பற்றிப் புத்தகம் படித்துவிட்டு வந்தவர்கள். எட்டாவது ஆள் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு கிழவர். மனைவி இறந்துபோக, மகள்தான் அவருடைய பெயரைப் பதிந்து அனுப்பியிருந்தாள். டில்லி வரைக்கும் அவர் என்னிடம் பேசியது ஒரேயொரு வசனம்: "அங்கே உருளைக்கிழங்கு கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சொன்னேன். அதுவும் எனக்குத் தெரியாது.

டில்லியிலிருந்து போன சின்ன விமானம் இரண்டு மலைகளுக்கு நடுவே சரிந்து சரிந்து இறங்கியது. ஜன்னலுக்குப் பக்கத்தில் வீட்டுக்கூரைகள் தெரிந்தன. கண்ணை மூடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது ஒரு பச்சை வயல்வெளியின் ஓரத்தில் நின்றோம். எங்களுடைய வழிகாட்டி, முழங்கால் வரைக்கும் கட்டம்போட்ட அங்கியும் நீளக் காலுறையும் போட்ட இளைஞன், எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தான். என் முன்னால் மட்டும் நின்று யோசித்தான்.

"நீங்கள் கனடாவா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் நல்ல பிள்ளை. கோட்டைகள், கொடிகள், சுவரில் வரைந்த சக்கரங்கள் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினான். புத்தகம் படித்த ஏழு பேரும் கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். பண்ணைக் கிழவர் மட்டும் கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்று மாடுகளைப் படம் எடுத்தார்.

எனக்குப் பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. விடுதியில் சுற்றுலாக்காரருக்கென்று தனிச் சமையல். அவித்த முட்டைக்கோவா, அவித்த கோலிபிளவர், மக்கறோனி. கிழவர் கேட்ட உருளைக்கிழங்கும் இருந்தது, உப்பில்லாமல். மூன்றாம் நாள் மத்தியானம், குசினிப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. மிளகாய் வேகிற வாசம். நான் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வாசம் வந்த திசையில் போனேன்.

குசினியில் வழிகாட்டியும் எங்கள் வான் வண்டிச் சாரதியும் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கறி என்று பார்த்தால், முழுக்க முழுக்கப் பச்சை மிளகாய். காயாகவே போட்டு, சீஸ் விட்டுக் காய்ச்சியிருந்தார்கள்.

"இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்றான் வழிகாட்டி.

"கொஞ்சம் தந்து பாருங்கள்" என்றேன்.

தந்தான். ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கிற டாக்டரைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணும் மூக்கும் வடிந்தன. ரொறன்ரோவை விட்டபிறகு முதல்தடவையாக நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு கேட்டபோது சாரதி கைதட்டினார்.

அடுத்த நாள் கிழவர் என் பின்னாலேயே வந்துவிட்டார். ஒரு மிளகாயை முழுதாக வாயில் போட்டார். முகம் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகி, கொஞ்ச நேரம் அந்த ஆள் இருந்த இடத்திலிருந்தே எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தார். தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்றார்.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் குசினியில்தான் சாப்பாடு. பண்ணை, மாடு, இறந்துபோன மனைவி எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னார்.

ஒரு காலை நேரம், மலையடிவாரத்தில் ஒரு பழைய கோயிலுக்குப் போனோம். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் உள்ளே போக முடியாது என்று வழிகாட்டி சொன்னான். எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். அவன் என் பக்கம் திரும்பி, "நீங்கள் கும்பிடுகிறவரா?" என்று கேட்டான்.

"கும்பிடுவேன்."

"அப்படியென்றால் வாருங்கள்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். உள்ளே நெய்விளக்குப் புகையின் இருட்டு. பீற்றூட் நிற உடையில் ஒரு வயதான பிக்கு வந்து நின்றார். என் பார்வை பழக்கத்தில் தானாகவே கீழே போனது. அவருடைய கையில் ஒரு செம்பு. அதைச் சரித்தபோது என் வலது கை தானாகவே குழிந்து நீண்டது. இடது கையை அதற்குக் கீழே கொடுத்து, தண்ணீரை வாங்கி, ஒரு மிடறு குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவினேன். எங்கள் கோயிலில் தீர்த்தம் வாங்குவது போலத்தான், யாரும் சொல்லித்தரவில்லை.

பிக்கு வழிகாட்டியிடம் ஏதோ கேட்டார்.

"எங்கே பழகினீர்கள் என்று கேட்கிறார்" என்றான்.

"யாழ்ப்பாணம்" என்றேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

பிறகு அவராகவே செம்போடு வாசலுக்கு வந்தார். எட்டுப் பேரும் கையை எப்படி வைப்பது என்று தெரியாமல் திகைத்தார்கள். நான் முன்னால் நின்று செய்துகாட்டினேன். கிழவர்தான் முதலில் வாங்கினார். மொட்டைத் தலையில் கவனமாகத் தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் தொப்பியைப் போடாமலே நின்றார்.

திரும்பி வந்து சில கிழமைகளில் அவர் ஸ்லைட் புரொஜெக்டரோடு வோபர்னுக்கு வந்தார். சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டினோம். அயலில் இருந்தவர்கள் எல்லாம் வந்து கார்ப்பெற்றில் இருந்தார்கள். கிழவர் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல, பூட்டான் பக்கமே போகாத என் கணவர் தமிழில் மொழிபெயர்த்தார்.

படங்களில் பாதி மாடுகள். மரக்கலப்பையில் பூட்டிய எருதுகள் வந்தபோது பக்கத்து வீட்டு அங்கிள் எழும்பிவிட்டார். "உப்பிடித்தான் நாங்களும் உழுதனாங்கள். ஆனா உவன் கலப்பையை நல்லாச் சரிச்சுப் பிடிக்கிறான்."

கணவர் இதை ஆங்கிலத்தில் சொன்னதும், கிழவரும் எழும்பிப் போய் விரிப்பில் கையை வைத்து ஏன் அப்படிப் பிடிக்கிறான் என்று காட்டினார். இருவரும் அவரவர் மொழியில் கொஞ்ச நேரம் உழுதார்கள்.

அடுத்த படம், செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த மடம். கணவர் குரலைச் செருமிக்கொண்டார். "ஒரு குரு புலியில ஏறிப் பறந்து வந்து இறங்கின இடமாம். அதாலை புலிக்கூடு எண்டு பேராம்."

அங்கிள் மெல்லக் கேட்டார்: "அங்கையும் புலியோ?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. என்ன பகிடி என்று கிழவர் கேட்க, கணவர் எங்கள் நாட்டுக் கதையைத் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. அதற்குள் நான் சோற்றை இறக்கிவிட்டேன்.

மேல்மாடியில் குடியிருந்த அன்ரி ஒருவரும், பிக்கு தீர்த்தம் தந்த கதையைக் கேட்டுக்கொண்டு, படம் முடியும்வரை இருந்தார். முருகன் தலங்களைத் தவிர வேறெங்கும் போகாதவர். போகிறபோது வாசலில் நின்று, "பிள்ளை, அந்தத் தீர்த்தம் குடுக்கிற கோயிலுக்கு எங்களையும் உள்ளுக்கு விடுவினமோ?" என்று கேட்டார்.

"கும்பிடுறவையை விடுவினம், அன்ரி."

அடுத்த வசந்தத்தில் நாங்கள் மறுபடி பூட்டானுக்குப் போனபோது, முதலாளியம்மா ஒரு ஊன்றுகோலோடு தானும் வந்தார். அங்கே வான் வண்டியில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் அன்ரி, சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, மடியில் ஒரு போத்தல் ஊறுகாயோடு இருந்தார்.