பொம்மை ரயிலுக்கு ஒரு சக்கரம்

இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் பிட்டராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். தேயிலை அரைக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. ஒருநாள் தோட்டத்து மேனேஜரான பெரியதொரை பங்களாவுக்குக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் காட்டினார். முன்பிருந்த வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன பொம்மை ரயில் அதில் இருந்தது. சாவி கொடுத்தால் ஓடுவது. முப்பது வருஷத்துப் பழசு.

"ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"பாக்குறேனுங்க" என்றேன்.

எஞ்சினுக்குள்ளே ஸ்பிரிங் அறுந்திருந்தது. பின்சக்கரம் ஒன்று, விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. கிராமபோன் ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தேன். அகலம் கூடி உள்ளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். கடிகாரம் ரிப்பேர் செய்பவர் பழைய அலாரம் கடிகாரங்களைக் கொட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் ஸ்பிரிங்கையும் அளந்ததில், பத்தாவதோ பதினொன்றாவதோ பொருந்தியது.

சக்கரம் எங்கேயும் கிடைக்கவில்லை. நாமே கடைந்துகொள்ளலாம் என்றால் கெட்டிப் பித்தளை வேண்டும். என் மனைவி மிளகு இடிக்கிற சின்னப் பித்தளை உலக்கையை எடுத்து நீட்டினாள். அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

"அடியில ஒரு வில்லை அறுத்துக்குங்க. இடிக்கிறதுக்கு மிச்சம் போதும்" என்றாள்.

அதை அறுத்து, தொரையிடம் கேட்டுக்கொண்டு ஸ்டோர் லேத்தில் கடைந்தேன். மற்ற சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மயிரிழை மயிரிழையாக அரத்தால் தேய்த்தேன். பங்களா வராந்தாவில் ரயில் மூன்று சுற்று நிற்காமல் ஓடியது. தொரை கைதட்டினார்.

மறுவாரம் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் என்னை நிறுத்தினார். அரைக்கும் மேசையில் பதிக்கிற பித்தளைப் பட்டை ஒன்றைக் காணோமாம்.

"தொரைய குஷிப்படுத்த ஸ்டோர்ச் சாமானத் திருடிட்டியா?"

பதினெட்டு வருஷம் அந்த ஸ்டோரில் ஒரு ஆணியைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பங்களாவுக்கு நடந்தேன். என் மனைவி உலக்கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தாள். டீமேக்கரும் அதே மாதிரி இன்னொரு பட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அவள் உலக்கையைத் தொரை முன்னால் வைத்தாள். "வெட்டுன எடத்தப் பாருங்க. அந்தப் பட்டை எவ்வளவு மெல்லிசுன்னும் பாருங்க. அதுல ரயில் சக்கரம் கடைய முடியுமான்னு நீங்களே சொல்லுங்க."

தொரை உலக்கையையும் பட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, போகலாம்" என்றார் தொரை. அவ்வளவுதான். தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

காணாமல் போன பட்டை, மெஷினைக் கழுவும்போது அடியில் கிடந்து அகப்பட்டது. அப்போதும் டீமேக்கர் அதை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்.

இரண்டு மாதம் கழித்து, ரயில் பெட்டி ஒன்றின் கொக்கி உடைந்துவிட்டதென்று தொரை ஆள் அனுப்பினார். அரைமணி வேலை. கம்பிகூட என் கையில் இருந்தது.

"எனக்குத் தெரியாத வேலைங்கன்னு சொல்லிடு" என்று வந்தவரிடம் சொல்லி அனுப்பினேன்.

பொய்தான். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.