கண்டக்டர் வீட்டு அமுதா

பிரிட்ஜின் கதவைச் சாத்திய கலியமூர்த்தி, உள்ளங்கையை விரித்து அதன் பக்கவாட்டில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டினார். “ரைட்” என்றார். பிரிட்ஜ் எங்கும் போகவில்லை.

கேஸ் சிலிண்டர் இறக்கிவிட்டுப் போகிற வண்டிக்கு இரண்டு தட்டு. கீரை வாங்கி முடித்ததும் தள்ளுவண்டிக்கு இரண்டு தட்டு. செம்மண்டலத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் யாராவது காரைப் பின்னால் எடுத்தால் ஓடிப்போய், சுவரில் இடிக்கிற நேரத்துக்கு ஒரே தட்டு. ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். வேலை ஓய்ந்தது, கை ஓயவில்லை. “எனக்குப் பாடை தூக்கும்போதும் ரெண்டு தட்டு தட்டி ரைட்டு குடுத்துட்டுத்தான் இந்த மனுசன் அழுவாரு” என்பாள் ராசம்மாள், அவருடைய மனைவி.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கலியமூர்த்தி வாசற்படியிலேயே நின்றுகொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு” என்பார். நிற்கும்போது கால்களைச் சற்று அகட்டித்தான் நிற்பார், தரை எந்த நேரமும் பிரேக் போடலாம் என்பதைப்போல. அவருடைய விசில் பூஜை அலமாரிப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் ஒரு பொட்டு உண்டு.

அந்த பஸ்ஸின் பெயர் அமுதவல்லி. பச்சை உடம்பு, மஞ்சள் கோடு. காலையில் ஓ.டி. என்கிற பழைய கடலூரில் மீன்கூடைகளோடு பெண்கள் ஏறும்போது, “கூடைய மேல ஏத்தும்மா, வக்கீலய்யா வேட்டியெல்லாம் நாறுது” என்பார் இவர். “நாறுனா எறங்கி நடந்து வரச் சொல்லு கண்டக்டரே!” என்பார்கள் அவர்கள். வக்கீலய்யாவே சிரித்துவிடுவார். ஆலப்பாக்கம் தாண்டினால் சவுக்குத் தோப்புக் காற்று. புதுச்சத்திரத்தில் கல்லூரிப் பெண்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் தூரத்தில் கோபுரம் தெரியும். மொத்த வண்டியும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த ஒரு நிமிடம் இவர் யாரிடமும் டிக்கெட் கேட்டதில்லை.

ஒருநாள் அமுதவல்லியின் இன்ஜினில் ஏதோ சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியவில்லை. முதலாளி வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டார். “வா கலியமூர்த்தி, உடைக்கிறதுக்குள்ள ஒரு தரம் பாத்துட்டு வந்துருவோம்” என்று டிரைவர் கூப்பிட்டபோது, வயிற்றுவலி என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் இவர். தலையணை நனைந்ததை ராசம்மாள் பார்த்தாள். அந்தத் தலையணையைப் பற்றி மட்டும் இன்றுவரை அவள் கேலி பேசியதில்லை.

புதுச்சத்திரத்துக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி சுவேதா. இப்போது சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை. தெருவில் அடிபட்ட பூனைகளைத் தூக்கிவந்து தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது அவள் வழக்கம். சென்ற மாதம் அவளிடமிருந்து கலியமூர்த்தியின் போனுக்கு ஒரு படம் வந்தது. சிதம்பரம் பஸ் நிலையம், பச்சை நிறத்தில் ஏதோ ஒரு பஸ். அதன் படிக்கட்டில் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைப் பூனை. ‘பஸ்ஸு நம்ம அமுதவல்லி மாதிரியே இல்ல மாமா? இந்தப் பூனைய நாந்தான் தூக்கியாந்து வெச்சிருக்கேன், வீடுதான் அமையல’ என்று எழுதியிருந்தாள்.

மறுநாளே கிளம்பிச் சிதம்பரத்தில் அவள் வீட்டில் போய் நின்றார்.

“பூனையப் பாத்த டாக்டரம்மா ஹார்ட்டுல ஏதோ சத்தம் கேக்குதுன்னாங்க மாமா” என்றாள் சுவேதா. “ஒண்ணுமில்லாமலும் இருக்கலாமாம், பெருசாவும் இருக்கலாமாம். கொஞ்சம் ஒடம்பு தேறுனாத்தான் ஸ்கேன் எடுக்க முடியும்ங்குறாங்க. இதக் கேட்டதும் எல்லாரும் வேணாம்னுட்டுப் போயிடுறாங்க.”

“சத்தம் போடுற இன்ஜின ஒரு தடவ வுட்டுட்டு வந்தேன் பாப்பா” என்றார் கலியமூர்த்தி. பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

“வர்ற ஞாயித்துக்கெழம நா வந்து பாக்குறேன். ஒத்துவரலன்னா கூச்சப்படாம சொல்லிடணும். அத்தை மனசும் முக்கியம்.”

அத்தை மனசு அவர் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. “நாமளே மாத்திரையில ஓடிக்கிட்டு இருக்கோம். இது செத்துச்சின்னா ஒக்காந்து அழுவப்போறது யாரு? நீங்க வயித்துவலின்னு படுத்துக்குவீங்க. நானு!” என்றாள் ராசம்மாள்.

அமுதா என்று பெயர் வைத்தார். அது பிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. கூப்பிட்டால் வரவில்லை. வைத்த பாலைத் தொடவில்லை. ஆணியிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். தெருவே திரும்பிப் பார்த்தது, அது திரும்பவில்லை.

“எனக்குத் தெரியாதா இந்த நடிப்பு? டிக்கெட் எடுக்காதவன் நம்ம தலையப் பாத்ததும் கண்ண மூடிக்குவான் பாரு, அதே தூக்கந்தான்!” என்று சிரித்தார். அப்படித் தூங்குகிறவனைப் பஸ்ஸில் எப்படி எழுப்புவாரோ அப்படியே, ஓசைப்படாமல் பின்பக்கமாகப் போய் முதுகில் கை வைத்தார். பூனை ஓர் அலறலோடு துள்ளித் திரும்பி, புறங்கையை நீளமாகக் கீறிவிட்டது.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுக் கூட்டிவந்தாள் ராசம்மாள். “போதும்ங்க. அந்தப் பொண்ணு வந்ததும் கூடையோட அனுப்பிடுங்க. இல்லன்னா நா வடலூருக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுறேன்.”

கலியமூர்த்தி கீழே குனிந்து பார்த்தார். பால் கிண்ணத்தில் ஏடு கட்டியிருந்தது. இதுவும் காயலான் கடைக்குத்தானா என்று நினைத்துக்கொண்டே கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

சனிக்கிழமை காலை. மீன் எடுத்துவிட்டு பிரிட்ஜைச் சாத்தினார். வழக்கம்போல இரண்டு தட்டு.

பின்னாலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

அசையாமல் நின்றார். “அமுதா” என்றார். அது அவரைப் பார்க்கவில்லை. விசிலை எடுத்து மெல்ல ஊதினார். காதுமடல்கூட ஆடவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு. பிரிட்ஜின் தகரத்தில் சாய்ந்திருந்த உடம்பு நிமிர்ந்தது. இரண்டு அடி முன்னால் வந்தது. பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் மீன் தட்டை வைத்து, பெட்டியைத் தட்டினார். அது ஏறிவந்து, முன்னங்காலை இரும்பில் ஊன்றி, தலையைக் குனிந்து தின்னத் தொடங்கியது.

“நடிக்கல ராசம்மா!” என்று கத்தினார். “இதுக்குக் காதே கேக்கல! தகரம் அதிர்றதுதான் தெரியுது! பின்னால வந்து கை வெச்சா தூக்கிவாரிப் போடாதா? வாயில்லா ஜீவனப் போயி டிக்கெட் எடுக்காதவன்னு சொல்லிட்டனே!” கண்ணீர் மீசையில் இறங்கியது. ராசம்மாள் தட்டை இழுத்து, மிச்சமிருந்த கிழங்கா மீனுக்கு முள் எடுக்க உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவேதா ஆட்டோவில் வந்தாள், கையில் கம்பிக் கதவு வைத்த கூடையோடு. பூனை கொஞ்சம் தேறியிருந்தது. காது விஷயத்தைக் கலியமூர்த்தி சொன்னதும், அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாள். அது திரும்பவில்லை. அவள் முகம் வாடியது.

“காதும் இல்லியா மாமா? இது எனக்குத் தெரியாது. ஹார்ட்டு வேற அப்படி. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. நா கூட்டிட்டுப் போயிடுறேன்.”

கலியமூர்த்தி தன் மனைவியைப் பார்த்தார். நடுவழியில் ஏறிய செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்க்கிற பார்வை அது.

ராசம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். “ஏம்மா, இன்ஜின் பக்கத்துலயே நின்னு நின்னு இவருக்கே பாதி காது கேக்காது. நாலு தடவ கத்துனாத்தான் சோத்துக்கு வருவாரு. இவரையே வெச்சிக் குப்ப கொட்டுறேன். இதுவும் ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போவட்டும்.”

“இல்ல அத்தை, நாளைக்கி அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா...”

“ஆனா அழுவறேன். அழுவாம இருக்கறதுக்காவ யாராவது ஒறவே வேணாம்னு சொல்லுவாங்களா? ஸ்கேன் எடுக்கணும்னா என்னைக்கின்னு சொல்லு. நானே தூக்கிட்டு வர்றேன்.”

காலிக் கூடையோடு சுவேதா ஆட்டோவில் ஏறினாள். கலியமூர்த்தி வழியனுப்ப வந்தார். கையும் உயர்ந்தது. ஆனால் கண் நிறைந்து எதிரே வண்டியே தெரியாததால், கை பாதியில் அப்படியே நின்றது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மீன் வாசனை அடிக்கும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள் ராசம்மாள். ஆட்டோவின் முதுகில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினாள்.